வீடு திரும்பும் உயரம்

சில ஆண்டுகளுக்கு முன்னர்வரை எமது கிராமங்களின் ஆகாயத்திற் பறந்தவை பறவைகளும், பட்டங்களும், எப்போதாவது ஒரு விமானமுமே. இப்பொழுதோ கலியாண வீட்டு முற்றத்திலும், தேர்த் திருவிழா வீதியிலும், பாடசாலை விளையாட்டு மைதானத்திலும் நான்கு விசிறிகளைக் கொண்ட ஒரு சிறு யந்திரம் இரைந்துகொண்டு மேலெழும்புவதைக் காண்கிறோம். ட்ரோன் கமரா என்று சிறுவர் முதற்கொண்டு யாவரும் அதனைப் பெயர் சொல்லி அழைக்கின்றனர். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மாமன்மார் மருமக்களுக்குக் கொண்டுவரும் பரிசுகளுள் இன்று இதுவும் ஒன்றாகிவிட்டது.

இந்த யந்திரத்தின் குணங்களுள் வாங்குவோரின் மனத்தை மிகவும் கவர்வது, அது தானே வீடு திரும்பும் என்பதாகும். மேய்ச்சலுக்குப் போன மாடு பொழுதுபட்டதும் தானாகவே பட்டிக்குத் திரும்புவதுபோல, எவ்வளவு தூரம் போனாலும் இது புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடும் என்று விற்பவர் சொல்கிறார், வாங்குபவர் நம்புகிறார். அது பொய்யன்று. ஆனால் மாட்டுக்குக் கண் உண்டு. வழியில் வேலி குறுக்கிட்டால் அது சுற்றிக்கொண்டு போகும். எளிய விலையில் வாங்கப்படும் பெரும்பாலான ட்ரோன்களுக்கு முன்னே பார்க்கும் கண் கிடையாது. படம் பிடிக்கும் கமரா முன்னே இருப்பினும், அது பார்ப்பது நமக்காகவேயன்றித் தனக்காக அன்று. திரும்பி வரும் வழியில் பனை நிற்கிறதா, கோபுரம் நிற்கிறதா என்பதை அது அறியாது. நாம் முன்கூட்டியே கொடுத்துவைத்த ஓர் எண்ணை நம்பியே அது வருகிறது. அவ்வெண்ணே வீடு திரும்பும் உயரம். அதனை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதை இந்த வாரம் ஆராய்வோம்.

யந்திரம் திரும்பும் முறை

சீனாவின் சென்சென் நகரில் 2006 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட டி.ஜே.ஐ. என்னும் நிறுவனம், பாண்டம் என்ற ட்ரோனை 2013 ஜனவரியில் விற்பனைக்கு விட்டது. பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுவோர் பெருகியது அதன் பின்னரேயாம். தானே திரும்பும் வசதி அக்காலந்தொட்டே இத்தகைய யந்திரங்களில் இடம்பெற்று வருகிறது.

மூன்று வேளைகளில் யந்திரம் திரும்பத் தொடங்கும். பறக்கவிடுபவர் தாமே ரிமோட் கருவியிலுள்ள பொத்தானை அழுத்துவது முதலாவது. பற்றரியின் மின் குறைந்துபோவது இரண்டாவது. ரிமோட்டுக்கும் யந்திரத்துக்கும் இடையிலுள்ள வானொலித் தொடர்பு அறுந்துபோவது மூன்றாவது. முதல் இரண்டிலும் நாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆபத்தென்று கண்டால் தடுக்கலாம். மூன்றாவதில் அவ்வாறு செய்தற்கில்லை. கைத்தொலைபேசியின் திரை கறுத்துவிடும். விசைகளை எப்பக்கம் தள்ளினாலும் பயனிராது. ஆகவே இவ்வெண்ணை இந்த மூன்றாவது வேளையை மனத்திற்கொண்டே தெரிந்தெடுத்தல் வேண்டும்.

திரும்பும் முறை மிகவும் எளியது. புறப்படும்போது யந்திரம் செய்மதிகளின் துணைகொண்டு தான் நின்ற இடத்தைக் குறித்துவைக்கிறது. அதுவே அதன் வீடு. திரும்பும் வேளை வந்ததும் முதலில் நின்ற இடத்திலிருந்தே நேரே மேலெழுந்து, நாம் குறித்த உயரத்தை அடைகிறது. பின்னர் வீட்டை நோக்கித் திரும்பி, நூல் பிடித்தாற்போல நேர்கோட்டில் வருகிறது. வீட்டின் மேலே வந்ததும் இறங்குகிறது. போகும்போது எந்த வழியாக வளைந்து போனது என்பதை அது கருதுவதில்லை. குறித்த உயரத்தினும் மேலே பறந்துகொண்டிருந்தால், பெரும்பாலான வகைகள் கீழே இறங்காமல் அந்த உயரத்திலேயே திரும்பிவிடும். வீட்டுக்கு மிக அண்மையில் நின்றால் மேலெழாமலே திரும்பும் வகைகளும் உண்டு. அது எத்தனை மீற்றர் தூரம் என்பது வகைக்கு வகை வேறுபடுவதால், யந்திரத்தோடு வந்த கைந்நூலைப் படித்தே அறிதல் வேண்டும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். நாம் கிழக்கே வயல்வெளியின் மேலாகப் போய், வடக்கே வளைந்து, ஒரு தோப்பின் பின்புறத்தை அடைந்திருப்போம். தொடர்பு அறுந்தால் யந்திரம் வயல்வெளி வழியாக வராது. தோப்பின் மேலாகவே வரும். எனவே நாம் போகும் வழியை மட்டும் பார்த்தல் போதாது. யந்திரம் போகக்கூடிய எல்லா இடங்களுக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்பவை அனைத்தையும் பார்த்தல் வேண்டும்.

எண் எங்கிருந்து தொடங்குகிறது?

அறுபது மீற்றர் என்று நாம் எண்ணைக் குறிக்கிறோம். எதிலிருந்து அறுபது? கடல் மட்டத்திலிருந்தா, யந்திரத்தின் கீழேயுள்ள நிலத்திலிருந்தா? இரண்டும் அன்று, புறப்பட்ட இடத்திலிருந்து. இஃது எளிதில் மறக்கப்படும் செய்தி; மலைநாட்டில் ட்ரோன்களுக்குப் பெருந்தீங்கு விளைவிப்பதும் இம்மறதியே.

உயரத்தை யந்திரம் அறிவது பாரமானியினால். 1648 ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து அறிஞர் பாஸ்கலின் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் பெரியே என்பவர் பாதரசக் குழாயொன்றைப் புய் த டோம் என்னும் மலையின் உச்சிக்குக் கொண்டுசென்றார். மேலே போகப் போகக் குழாயிலுள்ள பாதரசம் தாழ்ந்தது. உயரம் கூட வளியின் அமுக்கம் குறையும் என்பது அன்று உறுதியாயிற்று. அந்தக் குழாய் செய்த வேலையையே இன்று ட்ரோனின் வயிற்றினுள் இருக்கும், நெல்மணி அளவினதான ஒரு சிறு உறுப்புச் செய்கிறது. கடல் மட்டத்தை அடுத்த இடங்களில் ஏறத்தாழ 8 மீற்றர் ஏறினால் அமுக்கம் ஒரு மில்லிபார் குறையும். புறப்பட்ட இடத்து அமுக்கத்தைப் பூச்சியமாகக் கொண்டு, குறைந்த அளவை உயரமாக மாற்றி யந்திரம் நமக்குக் காட்டுகிறது.

வளியின் அமுக்கம் ஓரிடத்திலேயே நாள்முழுதும் ஒரே அளவாக நிற்பதன்று. எம்முடையதைப் போன்ற வெப்ப நாடுகளில் அது காலை பத்து மணியளவில் உச்சத்தை அடைந்து, மாலை நான்கு மணியளவில் இரண்டு மூன்று மில்லிபார் தாழ்ந்து நிற்கும். இருபது நிமிடப் பறப்பில் இதனால் நேரும் பிழை ஓரிரு மீற்றருக்கு மேற்படாது. ஆயினும் பிழை உண்டு. இடிமழைக்கு முன் வீசும் குளிர்காற்றில் அது இன்னும் மிகும். இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

சமவெளியில்

யாழ்ப்பாணக் குடாநாட்டை எடுத்துக்கொள்வோம். நிலம் தட்டையானது, மேடு பள்ளம் பற்றிய கவலை இல்லை. நிற்பவை எவை என்று பார்த்தாற் போதும். நன்கு வளர்ந்த பனை 30 மீற்றர் வரை உயரும். தென்னையும் அதற்குச் சற்றே குறைவாக நிற்கும். கோயிற் கோபுரங்கள், தேவாலயத்துக் கூர்ங்கோபுரங்கள், தண்ணீர்த் தாங்கிகள் ஆகியவற்றை ஊரார் அறிவர். இவை யாவற்றினும் உயர்ந்தவை கைத்தொலைபேசிக் கோபுரங்கள். 50 மீற்றரைக் கடந்தனவும் அவற்றுள் உண்டு. இவற்றிற் சிலவற்றை நிலைநிறுத்தும் இழுவைக் கம்பிகள் பக்கவாட்டில் நெடுந்தூரம் சரிந்து வரும். தூரத்திலிருந்து அவை கண்ணுக்குத் தெரியா.

ஒரு மரத்தின் உயரத்தை அளக்க இரண்டு வழிகள் உள. முதலாவது மாணவர்கள் கணித பாடத்திற் கற்றதே. ஒரு மீற்றர் நீளமான தடியை வெயிலில் நிமிர்த்தி நட்டு, அதன் நிழலை அளக்க. நிழல் 80 சதமமீற்றர் என்க. அதே வேளையிற் பனையின் நிழல் 20 மீற்றராயின், பனையின் உயரம் 20 ஐ 0.8 ஆற் பிரிக்க வரும் 25 மீற்றராகும். ஒத்த முக்கோணங்கள் பரீட்சைக்கு மட்டும் உரியவை அல்ல என்பதற்கு இது சான்று.

இரண்டாவது வழியை ட்ரோனே தருகிறது. கமராவை மேலும் கீழும் சாயாமல் அடிவானத்துக்கு நேராக வைத்து, யந்திரத்தை மெல்ல மேலேற்றுக. திரையில் அடிவானக் கோடு தெரியும். எந்த மரத்தின் உச்சி அக்கோட்டுக்கு மேலே தெரிகிறதோ அது யந்திரத்தினும் உயர்ந்தது. கீழே தெரிவது தாழ்ந்தது. உச்சியும் கோடும் ஒன்றையொன்று தொடும் கணத்தில் திரையிற் காட்டப்படும் உயரமே அம்மரத்தின் உயரம். அன்றியும், மரம் மேட்டில் நிற்பதாயின் அம்மேட்டின் உயரமும் இந்த அளவில் தானே அடங்கிவிடும். அந்த இடத்திலேயே யந்திரத்தை ஒருமுறை சுற்றித் திருப்பினால், நாற்றிசையிலும் கோட்டுக்கு மேலே எழுந்து நிற்பவை எவை என்பது ஒரு நிமிடத்திலே தெரிந்துவிடும். பறப்பின் முதல் வேலையாக இதனைச் செய்வது நன்று.

இவ்வாறு கண்ட மிகப் பெரிய உயரத்தோடு இன்னும் 15 முதல் 20 மீற்றர் வரை கூட்டுக. அதுவே அன்றைய எண். கூட்டுவது வீண் அச்சத்தினாலன்று. பாரமானி சில மீற்றர் பிழைக்கும். எமது அளவையும் பிழைக்கும். காற்று அடிக்கும்போது யந்திரம் சற்றுத் தாழும். பனையோலை காற்றில் எழும்பி ஆடும். இவை நான்கும் ஒரே வேளையில் ஒரே பக்கமாகக் கூடினாலும் யந்திரம் தப்புதற்கு அவ்வளவு இடைவெளி தேவை.

ஓர் உதாரணம் காண்போம். நாம் பறக்கும் வட்டத்தில் மிக உயர்ந்த பனை 28 மீற்றர். மேற்கே 55 மீற்றர் உயரத்தில் ஒரு தொலைபேசிக் கோபுரம் நிற்கிறது. வட்டம் முழுவதும் பறப்பதாயின் எண் 55 உடன் 15 கூட்டி 70 ஆகும். மேற்குப் பக்கமே போவதில்லை என்று உறுதி செய்துகொண்டால் 28 உடன் 15 கூட்டி 43. அதாவது 45 என்று வைத்துக்கொள்ளலாம். எங்கே பறப்பது என்ற தீர்மானமும் எவ்வளவு உயரத்தில் திரும்புவது என்ற தீர்மானமும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பது இதனால் விளங்கும்.

மலைநாட்டில்

இதே 45 மீற்றரை அமைப்பில் மாற்றாமல் விட்டுவிட்டு, விடுமுறைக்கு அப்புத்தளைக்கோ நுவரெலியாவுக்கோ போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தேயிலைத் தோட்டத்தின் அடிவாரத்து வீதியில் நின்று யந்திரத்தை ஏற்றுகிறோம். சரிவின் உச்சி வீதியிலிருந்து 90 மீற்றர் உயரம். உச்சியில் 25 மீற்றர் உயரமான யூக்கலிப்டஸ் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. யந்திரம் 140 மீற்றருக்கு ஏறி அம்மரங்களைக் கடந்து, மறுபுறத்துப் பள்ளத்திலே தாழ இறங்கிப் படம் பிடிக்கிறது. நடுவே மலை நிற்பதால் வானொலித் தொடர்பு அறுகிறது. யந்திரம் கீழ்ப்படிவோடு 45 மீற்றருக்கு ஏறி வீட்டை நோக்கிப் புறப்படுகிறது. அது புறப்பட்ட இடத்திலிருந்து 45 மீற்றர் என்பது மலையின் சரிபாதி உயரமே. நேரே வந்து மலையில் மோதுவதைத் தவிர அதற்கு வேறு கதி இல்லை.

அப்படியாயின் வேண்டிய எண் யாது? 90 உடன் 25 ஐயும் 15 ஐயும் கூட்ட வருவது 130. ஆனால் 130 மீற்றரில் வீட்டின் மேலே வந்து நிற்கும் யந்திரம், ஐக்கிய அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் பொது வரம்பாக உள்ள 120 மீற்றரைக் கடந்து நிற்கிறது. இத்தகைய இடங்களில் எண்ணை மாற்றுவதினும் புறப்படும் இடத்தை மாற்றுவதே அறிவுடைமை. உச்சிக்கு நடந்து சென்று அங்கிருந்து ஏற்றினால் 25 உடன் 15 கூட்டி 40 போதும். யந்திரம் இருபுறத்துச் சரிவிலும் கண்ணுக்குத் தெரியும்; தொடர்பும் எளிதில் அறாது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. உச்சியிலிருந்து 40 மீற்றர் என்பது அடிவாரத்து வீதிக்கு நேர்மேலே 130 மீற்றராகும். ஆதலின் உச்சியிலிருந்து பறப்பவர் சரிவை ஒட்டியே பறப்பதன்றிப் பள்ளத்தாக்கின் நடுவெளிக்குப் போகாதிருத்தல் வேண்டும்.

உயரம் மிஞ்சினால்

இவ்வளவு கணக்கு எதற்கு, எண்ணை மிகப் பெரிதாக வைத்துவிட்டால் ஒன்றிலும் மோதாதே என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானது, விடை இரண்டு.

முதலாவது, ஆகாயம் எமக்கு மட்டும் உரியதன்று. மேலே ஹெலிகொப்டர்களும் சிறு விமானங்களும் பறக்கும் வெளி உண்டு. நாடுகள் வரம்பு விதிப்பது அதன்பொருட்டே. எமது நாட்டில் ட்ரோனை ஏற்றுமுன் அதன் பதிவு, அனுமதி, உயர வரம்பு, பறக்கலாகாத இடங்கள் ஆகியவற்றை இலங்கைச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையிடம் கேட்டறிதல் வேண்டும். 2019 ஏப்ரல் 21 ஆம் திகதிக் குண்டுத் தாக்குதல்களின் பின்னர் நாடு முழுவதும் ட்ரோன் பறப்பு இடைநிறுத்தப்பட்டதை வாசகர்கள் அறிவர். விதிகள் மாறக்கூடியவை, சென்ற ஆண்டு கேட்டறிந்தது இவ்வாண்டுக்கு உதவுமென எண்ணுதல் தவறு. எப்பெரிய எண்ணும் அந்த வரம்பினுள் அடங்கவேண்டும். பலாலி, இரத்மலானை, கட்டுநாயக்கா போன்ற விமான நிலையங்களின் அண்மையில் எந்த எண்ணும் பொருத்தமன்று.

இரண்டாவது விடை காற்று. தரையோடு உரசும் காற்று வேகம் குன்றும். மேலே போகப் போக வேகம் கூடும். பட்டம் விடும் சிறுவர் யாவரும் அறிந்த உண்மை இது. எமது யந்திரம் காற்றில் செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்திற் பறக்க வல்லது என்றும், வீட்டிலிருந்து 600 மீற்றர் தூரத்தில் நிற்கிறதென்றும், சோளகம் எதிரே வீசுகிறதென்றும் கொள்வோம். 40 மீற்றர் உயரத்திற் காற்று செக்கனுக்கு 6 மீற்றராயின் யந்திரம் முன்னேறுவது செக்கனுக்கு 4 மீற்றர். வீடு வந்து சேர 150 செக்கன், அதாவது இரண்டரை நிமிடம் ஆகும். 110 மீற்றர் உயரத்திற் காற்று ஏழரை மீற்றராயின் முன்னேற்றம் இரண்டரை மீற்றரே. 240 செக்கன், அதாவது நான்கு நிமிடம். அங்கே காற்று 9 மீற்றராயின் முன்னேற்றம் செக்கனுக்கு ஒரு மீற்றர். பத்து நிமிடம் வேண்டும். இவற்றோடு ஏறுவதற்கும் இறங்குவதற்கும் செலவாகும் நேரமும் மின்னும் வேறு. பற்றரி முழுமையாக இருந்தாலும் இச்சிறு யந்திரங்கள் பறப்பது அரைமணி நேர அளவே. மின் குறைந்தமையாலேயே திரும்பத் தொடங்கிய யந்திரத்துக்குப் பத்து நிமிடம் ஏது? அது வழியிலேயே இறங்கும். இறங்கும் இடம் கடலாகவும் இருக்கலாம், பாதையாகவும் இருக்கலாம்.

எனவே உயரம் குறைந்தால் மரம் பகை. மிகுந்தால் காற்றுப் பகை. காற்றுக்கு ஒரு மாற்று உண்டு. போகும்போது காற்றுக்கு எதிரே போய், வரும்போது காற்றோடு வருதல். வள்ளக்காரர் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் வழி அது. வானத்திலும் அதுவே வழி.

எண் உதவாத இடங்கள்

எத்துணைக் கவனமாகத் தெரிந்தெடுத்தாலும் எண் உதவாத இடங்கள் சில உள. கூரையின் கீழும், பாலத்தின் கீழும், அடர்ந்த மரநிழலிலும் பறக்கும் யந்திரம் திரும்பத் தொடங்கினால் முதலில் மேலெழும்; எழுந்து தலையை மோதிக்கொள்ளும். பல வகைகளில், தொடர்பு அறுந்தால் திரும்புவதா, நின்ற இடத்திலே நிற்பதா, இறங்குவதா என்பதை நாமே தெரிந்துகொள்ள வசதி உண்டு. இத்தகைய இடங்களில் நிற்கும்படி அமைத்துவிட்டு, நாம் நடந்து கிட்டப் போய்த் தொடர்பை மீட்பதே பொருந்தும். வேலை முடிந்ததும் அமைப்பை மீண்டும் மாற்றிவைத்தல் வேண்டும்.

வள்ளத்திலிருந்து ஏற்றிய யந்திரத்துக்கு வள்ளம் நகர்ந்தது தெரியாது. புறப்பட்ட கணத்தில் வள்ளம் நின்ற நீர்ப்பரப்பே அதன் வீடு. அங்கேயே அது இறங்கும். மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைகள் முப்பதும் ஒவ்வொன்றும் 126 மீற்றர் விட்டமுள்ள சுழலியைத் தாங்கி நிற்கின்றன. சுழலியின் விட்டமே அவ்வளவாயின், அதன் மேல்நுனி 120 மீற்றரைக் கடந்து நிற்பது வெளிப்படை. அவற்றுக்கு மேலாகத் திரும்பக்கூடிய நியாயமான உயரம் இல்லை. ஆதலின் அவற்றை விலகியே பறத்தல் வேண்டும்.

பட்டங்களும் அவ்வாறே. தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடைபெறும் பட்டப் போட்டியைப் படம்பிடிக்க ஆசைப்படாதார் இல்லை. ஆனால் பட்டத்தின் நூல் தரையிலிருந்து பட்டம்வரை எல்லா உயரத்திலும் இருக்கிறது. அந்த நூல் விசிறியிற் சுற்றினால் யந்திரம் கீழே கூடியிருக்கும் சனங்களின் மேல் விழும். பட்டக் காலத்தில் பட்டம் விடுவோரின் ஆகாயத்தை அவர்களுக்கே விட்டுவிடுதல் முறை.

விலை மிகுந்த யந்திரங்களில் முன்னும் பின்னும் பார்க்கும் சென்சர்கள் பொருத்தப்பட்டிருப்பது உண்மை. வழியைத் தாமே தெரிந்து வருவனவும் புதிய வகைகளில் உள. அவை நல்ல துணை. ஆனால் காவலன் அல்ல. மின்கம்பியும் இலையற்ற கிளையும் அவற்றின் பார்வைக்குத் தப்பிவிடும்; இருளில் அவற்றுட் பல குருடாகும். சென்சர் இருக்கிறதென்று எண்ணைக் குறைப்பது, குடை இருக்கிறதென்று இடிமின்னலில் வெளியே போவதை ஒக்கும். கம்பியில் யந்திரம் சிக்கிவிட்டால் தடி கொண்டு தட்டுவதோ ஏறி எடுக்க முயல்வதோ கூடாது. மின்சாரப் பகுதியினருக்கு அறிவித்துவிட்டு விலகி நிற்க வேண்டும். யந்திரத்தை வேறொன்று வாங்கலாம், உயிரை வாங்குதற்கில்லை.

கீழே இருப்போர்

இதுவரை யந்திரத்தின் நலத்தைப் பேசினோம். அதனினும் பெரிது கீழே இருப்போரின் நலம். 30 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பொருள், காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட்டால், தரையை அடையும்போது மணிக்கு 87 கிலோமீற்றர் வேகத்தில் இருக்கும். 249 கிராம் எடையுள்ள சிறு ட்ரோனும் அந்த வேகத்திற் குழந்தையின் தலையில் விழுந்தால் நேர்வதை எண்ணிப் பார்க்க. ஆகவே திரும்பும் நேர்கோடு பாடசாலை முற்றத்தின் மேலும், சனங்கள் கூடிய வீதியின் மேலும் அமையாதபடி புறப்படும் இடத்தைத் தெரிதல் வேண்டும்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். 2009 மே மாதத்தில் முடிவுற்ற போரின்போது வன்னியில் வாழ்ந்த மக்கள், தலைக்கு மேலே இரைந்து சுற்றிய ஆளில்லா வேவு விமானத்தை வண்டு என்று அழைத்தனர். அந்த இரைச்சல் கேட்டதும் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடியவர்கள் இன்றும் எம்மிடையே வாழ்கின்றனர். விளையாட்டுக்குப் பறக்கும் யந்திரம் அதுவன்று என்று அறிவு சொன்னாலும், காது சொல்வதை நெஞ்சு முதலிற் கேட்டுவிடுகிறது. கூரைக்குச் சற்று மேலே 20 மீற்றரில் திரும்பி வரும் யந்திரம் மரத்தில் மோதாதிருக்கலாம். ஆனால் திண்ணையிலிருக்கும் ஒரு தாயின் பழைய புண்ணில் மோதக்கூடும். உயரத்தைத் தெரிந்தெடுக்கும்போது இதனையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். பறக்குமுன் அயலாரிடம் போய், இன்ன வேளையில், இன்ன காரியத்துக்காக ஏற்றப்போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவது எந்தச் சட்டமும் எழுதாத, ஆனால் எல்லாச் சட்டத்துக்கும் முந்திய கடமையாகும்.

புறப்படுமுன்

முடிவாக, யந்திரத்தைத் தரையில் வைத்தபின் செய்ய வேண்டியவற்றைத் தொகுத்துக் கூறுவோம். போதிய செய்மதிகள் கிடைத்து, வீடு குறிக்கப்பட்டதென்று திரை சொல்லும்வரை பொறுத்திருக்க. வட்டத்திலுள்ள மிக உயர்ந்த பொருளைக் கண்டு, 15 முதல் 20 மீற்றர்வரை கூட்டுக. அது வரம்பினுள் அடங்குகிறதா, அந்த உயரத்துக் காற்றை யந்திரம் தாங்குமா என்று பார்க்க. அடங்காவிடின் இடத்தை மாற்றுக. தாங்காவிடின் அன்று பறவாதிருக்க. பின்னர் எண்ணை அமைப்பிற் பதிந்து, பதிந்ததை வாய்விட்டு ஒருமுறை படிக்க. கண்ணெதிரே வெட்டவெளியில் ஒருமுறை பொத்தானை அழுத்தி, யந்திரம் எவ்வாறு ஏறித் திரும்பி இறங்குகிறது என்பதைப் பழகிக்கொள்ளுதலும் நன்று.

பிள்ளைகளுக்கு இந்த யந்திரத்தை வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஏற்றுவதையும் இறக்குவதையும் பிள்ளை இரண்டு நாளிற் கற்றுவிடும். ஏற்றுமுன் நாற்புறமும் நிமிர்ந்து பார்த்து, ஓர் எண்ணைத் தானே கணக்கிட்டு, அதற்கான காரணத்தையும் சொல்லும்படி அதனைக் கேளுங்கள். சென்ற முறை வைத்த எண் என்று பிள்ளை சொன்னால் யந்திரம் அன்று பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். பனையின் உயரத்தையும், காற்றின் திசையையும், அடுத்த வீட்டாரின் அமைதியையும் சேர்த்து எண்ணிச் சொன்னால் தாராளமாகப் பறக்கவிடுங்கள். தொடர்பு அறுந்தபின் அந்த யந்திரத்தோடு கூடப் போவது பிள்ளை புறப்படுமுன் செய்த யோசனை ஒன்றே.